சுவர் வாசலில் அண்ணன் வாசித்த பெயர்கள்

ஐம்பத்தாறு வயதில் என் அண்ணன் குருத்துவ அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார் என்று நான் நம்பினேன். ஒரு நிமிடம் அல்ல, முழுதாக இரண்டு நாள் நம்பினேன். முன்வழுக்கை, சோடாப்புட்டிக் கண்ணாடி, மேகம் திரண்டாலே மூச்சிழுப்பு. இந்த மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் திண்டுக்கல் சீமையில் ஒருவர் இருப்பார் என்று நம்பியவன் எப்பேர்ப்பட்ட அறிவாளி என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அச்சகத்தில் ஒரு மாதிரிக் கட்டுரை வைத்திருக்கிறார்கள். பிறந்தார், உழைத்தார், இறையடி சேர்ந்தார். பெயரையும் ஊரையும் மாற்றினால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். அதையே போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. அண்ணனைப் பற்றி அடக்கத்தன்று பேசப்பட்ட பொய்களே ஒரு குடும்பத்துக்குப் போதும். அவற்றில் ஒன்று என்னுடையது என்பதால் மற்றவர்களை மட்டும் திட்டவும் முடியவில்லை. ஆனாலும் திட்டத்தான் போகிறேன்.

அண்ணன் பிறந்தது ஆத்தூரில். அப்பா குத்தகை வயல் பார்த்தவர். மழை பொய்த்த வருடங்களில் மாட்டுவண்டி ஓட்டியவர். அந்தக் காலத்துப் பூசை லத்தீனில். ஊரே அர்த்தம் தெரியாமல் பக்தியோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அண்ணன் மட்டும் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரிடம் போய், "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாராம். கன்னத்தில் ஒன்று விழுந்தது. அந்த அறைக்குப் பதில் தேடித்தான் உன் அண்ணன் ரோமாபுரி வரைக்கும் போனான் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பதின்மூன்று வயதில் குருமடம். பிறகு குருப்பட்டம். பிறகு மேற்படிப்புக்கு ரோமாபுரி. கிரேக்கம், லத்தீன், சுரியானி எல்லாம் அங்கே படித்தார். கிறிஸ்தவர்கள் முதல் சில நூற்றாண்டுகளில் எப்படி வழிபட்டார்கள், யார் எங்கே நின்றார்கள், எந்தச் சொல்லைச் சொல்லி அப்பத்தைப் பிட்டார்கள், இதுதான் அவருடைய படிப்பு. திரும்பி வரும்போது எனக்கு டிரான்சிஸ்டர் வாங்கி வருவார் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அடி முதல் மூடி வரை புத்தகம். ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அந்தக் கோபத்தில்தான் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, பிற்பாடு திண்டுக்கல்லில் மைக்செட் கடை போட்டேன் என்றால், என் தொழிலுக்கும் அண்ணன்தான் காரணம்.

குருமடத்தில் பேராசிரியராகப் பதினேழு வருடம் இருந்தார். நாகல்நகர் ஆசாரி ஒருவரிடம் இரண்டு மரப்பலகை இழைக்கச் சொல்லி, கீல் வைத்து, புத்தகம் போல மடிக்கிற மாதிரி செய்து வைத்திருந்தார். அது என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"பூசை நடுவுல இதைத் திறந்து பேரு வாசிப்பாங்கடா. ஒரு பக்கம் உசுரோட இருக்கிறவுக, மறுபக்கம் செத்துப்போனவுக. பேரு பலகையில இருந்தா அவுக சபையில இருக்காகன்னு அர்த்தம். ஒருத்தரைச் சபையை விட்டுத் தள்ளணும்னா அடிக்க வேணாம், வைய வேணாம். பேரைச் சுரண்டிட்டாப் போதும்."

"எம் பேரை ரேஷன் கார்டுல விட்டுட்டாங்களேண்ணே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதாண்டா," என்று அண்ணன் சிரிக்காமல் சொன்னார்.

முதல் நூற்றாண்டு என்றால் அண்ணனுக்குப் பக்கத்துத் தெரு. அங்கே எஜமானும் அடிமையும் ஒரே அப்பத்தைப் பிட்டார்கள் என்று வகுப்பில் சொன்னார். ஒரு மாணவர் எழுந்து, அப்படியென்றால் எங்கள் ஊர்க் கோயிலில் ஏன் இரண்டு வாசல் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் பதில் சொல்லிவிட்டார். அதுதான் குற்றம். கேள்வி கேட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதில் சொன்னவரை அடுத்த வருடமே, "மேய்ப்புப் பணி அனுபவம் தேவை" என்று காகிதம் கொடுத்து, திண்டுக்கல்லுக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பங்குக் கோயிலுக்கு அனுப்பினார்கள். ரோமாபுரியில் பட்டம் வாங்கியவருக்கு அனுபவம் தேவையாம்! எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அச்சகக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார், எழுதவில்லை. 'சாதி' என்ற சொல்லையும் எடுக்கச் சொன்னார், அதை எடுக்கவில்லை. ஏனென்றால் அந்த ஊரில் கல்லறைக்கு நடுவே இருக்கும் சுவருக்கு வேறு பெயர் கிடையாது. மேற்கே மேலத்தெருக்காரர் கல்லறை. சலவைக்கல், சிலுவை, பூச்செடி. கிழக்கே கீழத்தெருக்காரர் கல்லறை. மண்மேடு, கருவேலம் முள். நடுவில் ஆள் உயரச் சுவர், அதில் ஓர் இரும்புக் கதவு, கதவில் ஒரு பூட்டு. நாடெல்லாம் பூட்டு விற்கிற ஊர் நம்முடையது. செத்தவர்களுக்கும் ஒன்று செய்து மாட்டியிருக்கிறோம். நாங்களும் மேலத்தெரு வகையறாதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளில் அங்கே நடந்துவந்த வழக்கம் இது. மேலத்தெரு வீடுகளில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். சாமியார் அதை மைக்கில் ஒவ்வொன்றாக வாசிப்பார். பிறகு பூட்டைத் திறந்து கிழக்கே போய், பொதுவாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு வருவார். மறுபடி பூட்டு. கீழத்தெருவுக்குத் தீர்த்தம் உண்டு, பெயர் கிடையாது. எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

அண்ணன் போன முதல் வாரத்திலேயே பழைய புதைப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். மேலத்தெருக்காரர்களுக்குப் பெயர், தகப்பன் பெயர், வயது, நோய் எல்லாம் உண்டு. கீழத்தெருக்காரர்களுக்கு, "கீழத்தெருப் பெண் ஒருத்தி, காய்ச்சல்." "கீழத்தெருக் கிழவன், முதுமை." பக்கம் பக்கமாக இப்படி. ஞானஸ்நானத்தில் பெயர் வைத்து எழுதிய அதே கோயில், புதைக்கும்போது அந்தப் பெயரை எழுதக் கை வலித்து விட்டுவிட்டது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என் தலைக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது: மகள் கல்யாணம். மாப்பிள்ளை வத்தலக்குண்டுக்காரர். அவருடைய தாய்மாமன்தான் அண்ணன் இருந்த பங்கில் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பேரவையின் தலைவர். அரிசி ஆலைக்காரர். சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் அவரே. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை இருந்தால் தெரிவிக்கவும் என்று. முதல் ஓலை அக்டோபர் மூன்றாம் ஞாயிறு வாசித்தாகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் கோயில் கோபுரத்து மைக்செட் குழாயைச் சரிபார்க்க அண்ணனின் ஊருக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். மேசையில் ஒரு நோட்டு. பிரித்தேன். அதில் முழுக்கப் பெண்கள்.

"புஷ்பம், 22. சிரித்த முகம், இடது கன்னத்தில் மச்சம்."

"ஞானம்மாள், 18. வேப்பமரத்தடி, தெற்கே மூன்றாவது."

"சூசையம்மாள், 30. நல்ல குரல். தனியே இருக்கிறாள்."

சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு டிக், சிலவற்றுக்கு இரண்டு.

நோட்டும் கையுமாக வெளியே வந்தேன். மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம், "சாமி எங்க போயிருக்காக?" என்று கேட்டேன்.

"தெனமும் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கீழத்தெருவுக்குப் போயிருவாக. வீடு வீடா உக்காந்து பொம்பளையாளுகளப் பத்தித்தான் விசாரிக்கிறாக. ஊரே பேசுது," என்றார் அவர்.

அவ்வளவுதான். பெண் பார்க்கிறார், வரிசைப்படுத்துகிறார், வேப்பமரத்தடியில் சந்திக்கிறார், பிடித்திருந்தால் டிக் போடுகிறார் என்று என் மூளை கதையை முடித்துவிட்டது. நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினேன். திண்டுக்கல் வந்த பிறகுதான் ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் கோயில்பிள்ளையின் செருப்பும் இருப்பதைப் பார்த்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பெரியப்பா அங்கியைக் கழற்றிவிட்டார் என்றால் மகளை யார் கட்டுவார்கள்? மனைவியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நோட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கரண்டியால் அடித்திருப்பாள். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலையில், உலகத்திலேயே போகக் கூடாத இடமாகத் தேடிப் பிடித்துப் போனேன். பேரவைத் தலைவரின் அரிசி ஆலைக்கு. சம்பந்தியாகப் போகிறவர், பெரிய மனிதர், காதும் காதும் வைத்த மாதிரி அண்ணனுக்குப் புத்தி சொல்லித் தடுப்பார் என்று எண்ணம்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தில் புருவம் உயர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"ஏன் சம்பந்தி, உமக்கு எதாச்சும் கூறு இருக்கா? இந்தப் புஷ்பம் எங்க வயல்ல நாத்து நட்டவ. பாம்பு கடிச்சுச் செத்து ஏழெட்டு வருசமாச்சு. இதுல இருக்கிற ஒருத்திகூட உசுரோட இல்லய்யா!"

எனக்குப் போன உயிர் வந்தது. நானும் சிரித்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சேர்ந்தே சிரித்தோம். பிறகு அவர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே அண்ணன் எழுதியிருந்தார்: "நவம்பர் இரண்டு. இரு பக்கத்துப் பெயர்களும் ஒரே வரிசையில். வருடம் பார்க்காமல், இறந்த மாதம், தேதி வரிசைப்படி. சுவர் வாசலில் நின்று வாசிக்க." தலைவரின் சிரிப்பு நின்றது. நான் மட்டும் இன்னும் செத்த நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பா பேருக்கு முந்தி எங்க பண்ணையாள் பேரா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். "மைக்குலயா?"

 அவர் நோட்டை மூடி, தட்டில் வெற்றிலை கொடுப்பது போல இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"மூணாவது ஓலை என்னைக்கு? கல்லறைத் திருநாளுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதானே? எந்தங்கச்சி கொஞ்சம் முன்கோபக்காரி சம்பந்தி. ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதும், ஓலையை நிப்பாட்டிருவா. கல்லறையில மைக்செட்டும் உங்களுதுதானே? ரெண்டும் நல்லபடியா நடக்கட்டும்."

அங்கிருந்து நேராக அண்ணனிடம் போய் நோட்டை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் கொட்டினேன். கல்யாணக் கதையைக் கேட்டு அண்ணன் சிரித்த சிரிப்பில் இழுப்பே வந்துவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"ஏலே, வேப்பமரத்தடின்னா அவளைப் பொதைச்ச இடம்டா! ஆளு எப்படி இருந்துச்சுன்னு கேட்டு எழுதிக்கிட்டாத்தான் எந்தப் புஷ்பம்னு சந்தேகம் வராது. ஆம்பளையாளுக நோட்டு வேற, அது போன மாசமே முடிஞ்சிருச்சு. ரெண்டு பேரு தனித்தனியா அதே பேரைச் சொன்னா ரெண்டு டிக். பழைய ஏட்டுக்கும் இப்படித்தாண்டா, ஒரு பிரதியை நம்பக் கூடாது." மூச்சு வாங்கியது. "என்னைக் கட்டிக்கப்போற மகராசி யாருன்னு நெனச்ச?"

"சூசையம்மான்னு நெனச்சேன். நல்ல குரல்னு போட்டிருந்துச்சு."

மறுபடி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த ஒரு வருடம் மட்டும் விட்டுவிடும்படி காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். மூன்றாவது ஓலை முடியட்டும், அடுத்த வருடம் இரண்டு தடவை வாசித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"பாக்கியம்னு ஒரு அம்மா இருக்கு, புஷ்பத்தோட ஆத்தா," என்றார் அண்ணன். "நோட்டுல எழுதினப்ப, 'நெசமாவே மைக்குல சொல்லுவீகளா சாமி'ன்னு மூணு தடவை கேட்டுச்சு. மூணு தடவையும் சொல்லுவேன்னு சொல்லியிருக்கேன். நாப்பது வருசம் படிச்சதெல்லாம் எதுக்குடா, புத்தகத்துல வச்சுப் பூட்டவா?" நோட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "உம்மக ஓலையை எவனும் நிப்பாட்ட மாட்டான். பயப்படாதே," என்றார்.

அண்ணனுக்குச் சுரியானி தெரியும். சம்பந்தி வீடு தெரியாது.

அந்தக் கல்லறைத் திருநாள் மாலை மழை மேகம் கட்டி, காற்று அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் இரும்புக் கதவின் பூட்டைத் திறந்து, வாசல் நிலைக்குள்ளேயே மேசையைப் போட்டார். அந்த மடிப்புப் பலகையை அதன்மேல் விரித்து வைத்தார். நோட்டுகளிலிருந்த பெயர்களையும் மேலத்தெருச் சீட்டுப் பெயர்களையும் ஒரே வரிசையாகக் காகிதத்தில் எழுதி அதில் ஒட்டியிருந்தார். கல்லறையில் கரண்ட் கிடையாது; மைக் ஓடியது நான் கடையிலிருந்து கொண்டுபோன கார் பேட்டரியில். அண்ணன் சொன்னபடி ஒரு குழாயை மேற்கேயும் ஒரு குழாயைக் கிழக்கேயும் கட்டியிருந்தேன். கிழக்கே மெழுகுவர்த்தியோடு அவ்வளவு பேர் நின்று நான் பார்த்ததில்லை. குளித்து, எண்ணெய் வைத்து, இருந்த நல்ல சேலையைக் கட்டி வந்திருந்தார்கள். குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணன் வாசிக்க ஆரம்பித்தார். முதல் மூன்று மேலத்தெருப் பெயர்கள். நான்காவது, "கீழத்தெரு மிக்கேல் மகள் அந்தோணியம்மாள்." கிழக்கே ஒரு பெண்குரல், "எங்க அப்பத்தா!" என்று கத்தியது. யாரோ அழுதார்கள். மேற்கே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பேரவைத் தலைவர் தம் அப்பாவின் சலவைக்கல் பக்கத்தில் நின்றபடி, அண்ணனைப் பார்க்காமல், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

பதினோராவது பெயரோடு மைக் நின்றுவிட்டது.

அண்ணன் மைக்கைத் தட்டினார். என்னைப் பார்த்தார். "பேட்டரி எறங்கிருச்சுண்ணே," என்றேன். அவர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் தொண்டையில் வாசித்தார். முன்னூற்றுச் சொச்சம் பெயர்கள். காற்று எல்லாவற்றையும் மேற்கே அள்ளிக்கொண்டு போனது. கிழக்கே இருந்தவர்கள் சுவரருகே நெருங்கி, காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் இன்னும் கத்தினார். பாதிக்கு மேல் அவருடைய இழுப்புத்தான் கேட்டது. ஆனால் ஒரு பெயரை விடவில்லை. அவருடைய விரல் பலகையில் வரிவரியாக இறங்கியதை நான் பார்த்தேன்.

முடிந்ததும் ஒரு வயதான அம்மாள் மேசையைச் சுற்றி என்னிடம் வந்தார்.

"மைக்கு என்னாச்சுய்யா? எங்க புஷ்பம் பேரு வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா," என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு நான்கு நாள் பேச்சு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் எழவே முடியாமல் படுத்திருந்தபோது திண்டுக்கல் கோயிலில் என் மகளின் மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. மாதம் முடிவதற்குள் மாற்றல் உத்தரவு வந்தது. "உடல்நலம் கருதி" என்று அதில் இருந்தது. இழுப்பு நோயாளியை உடல்நலம் கருதிச் சிறுமலைக்கு, பனி முதுகெலும்பில் இறங்குகிற மலைக்கு அனுப்பினார்கள்! எந்த மருத்துவர் சொன்ன வைத்தியம் என்று கேட்க நான் இரண்டு தடவை ஆயர் இல்லத்துக்கு பஸ் ஏறினேன். முதல் தடவை வரவேற்பறையில் காபி கொடுத்தார்கள். இரண்டாம் தடவை காபியும் இல்லை.

சிறுமலையில் நான்கு வருடம் இருந்தார். மிளகும் வாழையும் போடுகிற குடும்பங்களுக்குப் பூசை வைத்தார். பெயர்ப் பலகையைப் பற்றிய அவருடைய புத்தகத்தை அங்கேதான், போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுதி முடித்தார். கையெழுத்துப் பிரதியை அச்சிடக் கேட்டு மூன்று இடத்துக்கு அனுப்பினார். மூன்றும் திரும்பின, ஒன்று பிரிக்கப்படாமலே. இன்றைக்கு அவரை 'அறிஞர்' என்று போஸ்டர் அடித்து ஒட்டியிருக்கிறார்களே, அந்த மூன்று இடத்தில் ஒன்றில்தான் அந்த போஸ்டர் அச்சானது.

மாதம் ஒருமுறை நான் பஸ் பிடித்துப் போவேன். போகும்போதெல்லாம் அண்ணன் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"பேட்டரி எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே."

"நல்ல பேட்டரிதான் அது," என்பார். பிறகு மகளைப் பற்றி விசாரிப்பார், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பார், மலைவாழைப்பழம் உரித்துக் கொடுப்பார். நான்கு வருடமும் இதே கேள்வி. நானும் சிரித்துக்கொண்டே இதே பதிலைச் சொன்னேன். என் பிழைப்பே சிரிப்பதுதானே.

போன வருடம் ஒரு காலை, மூச்சு முட்டிப் படுத்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து பஸ் மேலே ஏறி வரவில்லை. வாழைத்தார் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிய லாரியில், தார்களை இறக்கிப் போட்டுவிட்டு அண்ணனைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். மலைப்பாதையின் பாதி வளைவு தாண்டுவதற்குள் போய்விட்டார். மடியில் தலையை வைத்திருந்த மலைக்காரப் பெண்மணி, கடைசி வரை சாமி ஏதோ பெயர்களாகச் சொல்லிக்கொண்டு வந்தார், ஒன்றும் விளங்கவில்லை என்றார்.

அடக்கத்தன்று பெரிய மாலை பேரவைத் தலைவருடையது. இரங்கல் உரையும் அவருடையது. "சாமியின் குரல் எட்டாத செவி இல்லை," என்று மைக்கில் பேசினார். மைக் என்னுடையதுதான். அன்று முழுக்க நன்றாக வேலை செய்தது. பிறகு அந்தக் கல்லறைத் திருநாளைப் பற்றி, "பாவம், பேட்டரி இறங்கிப்போனாலும் சாமி தளரவில்லை" என்றும் சொன்னார். கூட்டம் உச்சுக் கொட்டியது. நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது அந்தப் பங்கில் அண்ணன் படத்தோடு சலவைக்கல் பதிக்கப் போகிறார்களாம். சுவர் அப்படியே இருக்கிறது. பூட்டும் இருக்கிறது. கல்லை அந்தச் சுவரில்தான் பதிக்கப் போகிறார்கள். பதித்தால் நான் வந்து பெயர்ப்பேன். இது நினைவு மலர், பகிரங்கமாகவே எழுதிவைக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாழைத்தார்களை ரோட்டோரம் இறக்கிவிட்டு அண்ணனை ஏற்றிய லாரி ஓட்டுநருக்கு. அவர் தலையை மடியில் தாங்கிய அம்மாவுக்கு. நான்கு வருடமும் அவருக்குச் சுடுதண்ணீர் காய்ச்சி, கஞ்சி கொடுத்து, வெஞ்சனம் வைத்துப் பார்த்துக்கொண்ட சிறுமலைக் குடும்பங்களுக்கு. அடக்கத்துக்குச் சொல்லியனுப்பாமலே கீழத்தெருவிலிருந்து நடந்து வந்து, கூட்டத்தின் பின்னால் கடைசிவரை நின்ற பாக்கியத்தம்மாளுக்கும் அவரோடு வந்தவர்களுக்கும். சாதி என்ற சொல்லை எடுக்கச் சொல்லிக்கொண்டே அச்சுக் கோத்தவருக்கு. மற்றவர்களுக்கு நன்றி இல்லை.

அடுத்த பக்கங்களில் அண்ணன் அன்று பலகையில் ஒட்டியிருந்த பெயர்களையெல்லாம், அவர் போட்ட வரிசையிலேயே அச்சிட்டிருக்கிறேன். மேலத்தெருவும் கீழத்தெருவும் கலந்துதான் இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சத்தமாகப் படியுங்கள்.

இதன் கடைசிப் பத்தியை அச்சுக்குக் கொடுக்குமுன் என் மகளிடம் காட்டினேன். படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "போடுங்கப்பா. அவுக வீட்டுல என்ன சொல்றாகளோ நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

அன்று பேட்டரி இறங்கவில்லை. முந்தின நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி அது. பதினோராவது பெயர் முடிந்ததும் அதன் கம்பியைக் கழற்றியவன் நான். புஷ்பத்தின் பெயர் பன்னிரண்டாவது.